ஒண்ணு, ரெண்டு, ம்

மூக்குக்குக் கீல் வைப்பதா, ஊசி குத்துவதா என்ற ஒரே கேள்வியில் அந்தக் கொட்டகை எட்டு நாளாக இரண்டுபட்டுக் கிடந்தது.

மூக்கு என்றால் மனுஷ மூக்கு இல்லை. ஒரு பந்தயக் காரின் முன்பக்கம் மொத்தமும். நடுவில் தரையை முகர்ந்து பார்ப்பதுபோலத் தாழ்ந்து வரும் முகம், இரண்டு பக்கமும் சக்கரங்களுக்கு மேலே வீங்கி எழுந்த கன்னங்கள், விளக்குக்கு விட்ட பள்ளங்கள், எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக ஃபைபரில் வார்த்தெடுத்தது. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துப் படுத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். கனம் அரை மூட்டை சிமென்ட். இன்னும் வர்ணம் பூசவில்லை. வெளிறிய பச்சையில், பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம் மாதிரி, இரண்டு மர ஸ்டாண்டுகளின் மேல் அது உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மூக்கில்லாத கார் நின்றது. ரேடியேட்டரும் பேட்டரியும் பிரேக் எண்ணெய் டப்பாக்களும் வெட்கமில்லாமல் வெளியே தெரிந்தன.

அந்தக் காரைச் செய்தவன் தொழிலுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்கிறவன். மாடிக்கு மாடி அவன் செய்த ஃபைபர் தொட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. "தொட்டிக்கும் ரேஸ் காருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தொட்டியில தண்ணி உள்ள நிக்கும், காருல ஆள் உள்ள நிக்காம ஓடுவான். ரெண்டும் ஒழுகாம இருந்தா சரி" என்பான். அவனை எல்லோரும் டேப்பு என்றார்கள். அளவெடுக்கும் டேப்போடு அவனை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். உண்மையில் அவன் ஏழு டேப் வாங்கியிருந்தான். ஏழும் ரெசினில் விழுந்து, இழுத்தால் வராமலும் விட்டால் போகாமலும் கல்லாகிவிட்டன. அதில் ஒன்று கதவோர ஆணியில், அடித்துப்போட்ட பாம்பு மாதிரி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் கையையே நம்பினான். சாண், விரல், முழம். "இந்த டேப் ரெசின்ல விழுந்தாலும் கழுவிக்கலாம்" என்று உள்ளங்கையைக் காட்டுவான்.

அவன் மனைவியை அவன் மேஸ்திரி என்று கூப்பிட்டான். கல்யாணமான புதிதில் ஒரு வாரம் ஒத்தாசைக்கு என்று கொட்டகைக்கு வந்தவள் அவள். பத்தொன்பது வருஷமாகியும் அந்த ஒரு வாரம் முடியவில்லை. கண்ணாடி இழைப் பாயைக் கத்தரிப்பதும் ரெசின் கலப்பதும் அவள் வேலை. வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்குக் காற்றில் ஈரம், ரெசினை இறுகவைக்கும் மருந்து அரை மூடி கூட வேண்டும் என்பாள். அவன் எதிர்த்துப் பேசி ஒரு தொட்டியைக் கெடுத்திருக்கிறான். அதோடு அவளுக்கு மேஸ்திரி உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது.

அவர்கள் இருவரும் பாரம் தூக்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அவள் வந்த முதல் நாள் அது. அவள் வாயில் துணி கட்டியிருந்தாள், ரெசின் நெடிக்காக. ஒரு தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அவன் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி, மூணு சொல்ல வாய் திறக்கும் முன்னால் துணிக்குள்ளிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. தொட்டி எழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் ஒண்ணும் ரெண்டும் சொல்வான், அவள் ம் சொல்வாள். ஆயிரக்கணக்கான தொட்டிகள் அப்படி எழுந்தன. அந்தக் கொட்டகையில் மூணு என்ற எண் புழக்கத்தில் இல்லை.

கார் ஆரம்பித்துப் பதினொரு வருஷம். முடிதிருத்தும் கடையில், தன் முறைக்குக் காத்திருந்தபோது பழைய பத்திரிகை ஒன்றில் அவன் அந்தப் படத்தைப் பார்த்தான். அவன் பிறப்பதற்கும் முன்னால் எங்கோ ஓடிய கார். கடைக்காரரிடம் கேட்டுப் பக்கத்தைக் கிழித்து வாங்கி வந்தான். வரைபடம் கிடையாது, அளவு கிடையாது, ஒரே ஒரு படம், அதுவும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்தது. ஊருக்கு வெளியே விமானம் இறங்காத ஒரு பழைய ஓடுதளத்தில், கையால் கார் செய்கிற பைத்தியங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் கூடி ஐந்து சுற்று ஓட்டிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். வார விடுமுறை தோறும் வேலை நடந்தது. சட்டத்தை இரும்புக் குழாயில் பற்றவைத்துக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன், வெல்டர். உடலுக்கு அச்சு செய்தது இவர்கள் இருவரும். மரச்சட்டத்தின் மேல் களிமண் மாதிரி மாவைப் பூசி, இழைத்து, தேய்த்து, இடது பக்கத்தை அவனும் வலது பக்கத்தை அவளும் செய்தார்கள்.

"மூக்கு நுனியிலேருந்து சக்கர வளைவு வரைக்கும் மூணு சாண்" என்று அவன் சொன்னான். அவன் பக்கம் அவன் சாணால் மூன்று வைத்தான். அவள் பக்கம் அவள் சாணால் மூன்று வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கை என்று எந்தப் புத்திசாலி சொன்னானோ தெரியவில்லை. அச்சிலிருந்து மூக்கை உரித்தெடுத்துக் காரின் மேல் வைத்தபோதுதான் வலது கன்னம் இடதைவிட மூன்று விரல் குட்டை என்று தெரிந்தது. வெல்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது நினைவு வந்து மறுபடி சிரித்துப் புரையேறினார்.

"பந்தயத்துல ஒரே பக்கமாத்தான திரும்பணும்" என்றான் டேப்பு. "கோணலும் அந்தப் பக்கமாத்தான் இருக்கு. இது தப்பு இல்ல மச்சான், டிசைன்."

திருப்பி வார்க்கப் பொருளும் இல்லை, மனசும் இல்லை. வலது சக்கர வளைவை முன்பக்கம் தொடாமல் பின்பக்கமாகக் கொஞ்சம் வெட்டி, டயருக்கு இடம் விட்டார்கள். அதற்குப் பிறகு மூக்கு உட்காருவதற்கு ஒரு வித்தை வந்தது. இருவரும் ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்து இறக்கும்போது, அவள் தன் பக்கத்தை ஒரு நூல் அளவு முன்னால் தள்ள வேண்டும், அவன் தன் பக்கத்தை லேசாக அழுத்த வேண்டும். டக்கென்று அமர்ந்துகொள்ளும். அளவு போட்டு வைக்கிறவனுக்கு அது அமராது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, கைகளே பேசி முடித்திருந்தன.

பிறகு ஒரு நாள் அவள் கையில் கத்தரிக்கோல் நின்றது. பாதிப் பாயை வெட்டிவிட்டு, மீதியை வெட்டமுடியாமல் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி மழுங்கிவிட்டது என்றார்கள். புதுசு வாங்கினார்கள். கையுறை இறுக்கம் என்றார்கள். ரெசின் நெடி நரம்புக்கு ஆகாது என்று ஒரு மாதம் அவளைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை. டீ டம்ளர் நழுவியது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. மூன்றாவது மருத்துவர் ஒரு காகிதத்தில் மனித உருவம் ஒன்று வரைந்து, கை, கால், நாக்கு, தொண்டை, மார்பு என்று வரிசையாகப் புள்ளி வைத்தார். ஒவ்வொன்றாகச் சதை கரையும் என்றார். மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

"கெட்டுப்போனதைக் கழட்டிட்டு வேற மாட்ற மாதிரி ஒண்ணும் இல்லையா டாக்டர்?" என்றான் டேப்பு.

மருத்துவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவன் பேசியதற்கு அவள் சிரிக்காமல் இருந்தது பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அந்தக் காகிதத்தை அவன் நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதற்கப்புறம் அந்தச் சட்டையைப் போடவில்லை.

இப்போது மழைக்காலத்துக்கு முன்னால் மூக்கை மாட்டியாக வேண்டும். மாட்டி, சரிபார்த்து, பிறகுதான் வர்ணம். வெல்டர் அடுத்த வாரம் வேறு ஊருக்கு நீண்ட வேலைக்குப் போகிறார். பற்றவைப்பு எதுவானாலும் அதற்குள் முடியவேண்டும்.

வழி இரண்டு இருந்தன. ஒன்று, மூக்கின் முன் நுனியில் கீல் வைத்துச் சட்டத்தோடு பிணைப்பது. பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் முதலை வாய் திறப்பதுபோல முன்னோக்கிச் சாயும். ஒரு ஆள் போதும். இன்னொன்று, நாலு மூலையிலும் முளை வைத்து, மூக்கை அதில் இறக்கி, முளையின் ஓட்டையில் கொண்டை ஊசி மாதிரி ஒரு கம்பியைச் செருகுவது. திறக்க வேண்டுமென்றால் நாலு ஊசியை உருவி, முழு மூக்கையும் தூக்கித் தரையில் வைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

வெல்டர் கீல் கட்சி. டேப்பு ஊசிக் கட்சி.

"படத்துல இருக்குறது ஊசிதான் மச்சான். நல்லா பாருங்க, இந்தா, இந்த மூலையில ஒரு புள்ளி தெரியுதா?"

"அது ஈ உக்காந்த கறை மாப்ள."

"ஈயா இருந்தாலும் சரியான இடத்துலதான் உக்காந்திருக்கு. அப்புறம் கனம். கீல் வெச்சா அதுக்கு இரும்புத் தகடு, தகடைத் தாங்க உள்ள ரெண்டு அடுக்குப் பாய், சாய்ஞ்சா தாங்க ஒரு கம்பி. அஞ்சு கிலோ ஏறும்."

"நீ ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சா ஆறு கிலோ இறங்கும்."

"சாய்க்கும்போது நுனி தரையில இடிக்கும்."

"நாலு விரல் மேல தூக்கிக் கீல் வெச்சா இடிக்காது. நான் கணக்குப் போட்டுட்டேன்."

"அப்ப கூரையில ஒரு கப்பி மாட்டிக் கயிறு போட்டுத் தூக்கிடலாம்."

"ஓடுதளத்துல கூரை எங்கடா இருக்கு? வானத்துலயா கப்பி மாட்டுவ?"

அவள் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மடியில், யாரோ கொடுத்துவிட்டுப்போன பொருள் மாதிரிக் கிடந்தன. டேப்பு டீயை டம்ளரில் ஊற்றி, ஆற்றி, அவள் வாயருகே பிடித்தான். பன்னைக் கிள்ளி ஊட்டினான். "முதலாளியம்மாவுக்குச் சேவை" என்றான். "டீல சக்கரை கம்மி முதலாளி" என்றாள் அவள். சொல்லில் லேசாக ஒரு குழறல் இருந்தது. கவனித்தால்தான் தெரியும். டேப்பு கவனிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

எட்டாவது நாள் மத்தியானம் வெல்டர் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"மாப்ள, நேரா ஒண்ணு கேக்கறேன். ஊசின்னா ரெண்டு பேர் வேணும். நான் போயிடுவேன். நாளைக்கு அந்தப் பக்கம் யார் தூக்குவா?"

டேப்பு குனிந்து அந்த ஸ்பேனரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"எப்பவும் யார் தூக்குவாங்களோ அவங்க" என்றான் டேப்பு.

வெல்டர் தங்கையைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்க்காமல் கார் சக்கரத்தைப் பார்த்தாள்.

"மூக்கை ஸ்டாண்டை விட்டு எடுத்து ஒரு தடவை காருமேல வெச்சுப் பார்ப்போம்" என்றான் டேப்பு, பேச்சை மாற்ற. "ஊசிக்கு இடம் குறிச்சிட்டா முடிஞ்சது. வாங்க மச்சான், மேஸ்திரி பக்கம் நீங்க நில்லுங்க."

வெல்டர் வலது பக்கம் போய்க் கன்னத்தின் அடியில் கைகொடுத்துக் குனிந்தார். டேப்பு இடது பக்கம் குனிந்தான்.

"ஒண்ணு" என்றான். "ரெண்டு."

"ம்" என்றது நாற்காலி.

டேப்புவின் கை எழுந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் பழகிய கை, யாரைக் கேட்டு எழும்? வெல்டர் மூணுக்குக் காத்திருந்தார். மூக்கு ஒரு பக்கமாக எழுந்து, வழுக்கி, வலது கன்னத்தின் பின்மூலை மர ஸ்டாண்டின் விளிம்பில் படாரென்று இறங்கியது. விரிசல் விழும் சத்தம், காய்ந்த ஓடு மிதிபடுவது மாதிரி. வெளிறிய பச்சையில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

"மூணு எங்கடா?" என்று கத்தினார் வெல்டர். "மனுஷன் மூணு சொல்லிட்டுத் தூக்க மாட்டான்?"

"எங்க கணக்குல மூணு கிடையாது மச்சான்" என்றான் டேப்பு. அவனுக்கே அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அவள் எழுந்திருக்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"நான்தான். நான்தான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். தூக்குற வக்கில்ல, கணக்கு மட்டும் சொல்ல வந்துட்டேன்."

"ஏய், சும்மா இரு. ஒட்டுப் போட்டா போயிடும். ரெண்டு துண்டு பாய்."

"இனிமே நான் வாயைத் திறக்கல" என்றாள்.

சாயங்காலம் வரை திறக்கவில்லை. வெல்டர் வீட்டுக்குப் போனார். டேப்பு விரிசலைச் சுற்றித் தேய்த்து, பாய் வெட்டி, ரெசினை டப்பாவில் ஊற்றினான். வெளியே மேகம் கட்டியிருந்தது. அவன் வாசலில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான். காற்று காற்றாகத்தான் இருந்தது, அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"மருந்து எவ்வளவு மேஸ்திரி?"

அவள் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு மூடி போடறேன்."

பதில் இல்லை.

"சரி, ரெண்டு மூடி. புகைஞ்சு கொட்டகை எரியட்டும், தொல்லை விட்டுது."

"ஒண்ணேகால்" என்றாள் அவள், கோபத்தோடு. "மழை வரப்போவுது, கண்ணு தெரியல?"

ஒண்ணேகால் போட்டான். பாயை வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி ரெசினை ஊறவைத்தான். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த மழையில் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவன் கையைத் துடைத்துவிட்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான்.

"கீலே வைங்க" என்றாள்.

"நீயுமா?"

"நான் முதல்லேருந்தே கீல்தான். நீங்க ஒரு தடவைகூட என்னைக் கேக்கல. எட்டு நாளா அண்ணன்கிட்டயே சண்டை போட்டீங்க."

"கனம் ஏறும்."

"ஏறட்டும்."

"ஒரிஜினல் அப்படி இல்ல."

"ஒரிஜினல்ல ஒரு கன்னம் மூணு விரல் குட்டையா இருந்துச்சா?" அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க தனியா திறக்குற மாதிரி இருக்கணுங்க."

"நான் எதுக்குத் தனியா திறக்கணும்?"

இருவருக்கும் தெரிந்த பதில், மழைச் சத்தத்தில் கேட்காமல் போய்விட்டதுபோல இருவரும் நடந்துகொண்டார்கள்.

"வேற ஆள் பிடிச்சுக்கறேன்" என்றான் கடைசியில். "இந்த ஊர்ல மூக்கு தூக்க ஆளா இல்ல?"

"அவனுக்கு ம் தெரியாது. அண்ணனுக்கே தெரியல. ஒவ்வொரு தடவையும் உடைச்சுக்கிட்டு இருப்பீங்களா?"

டேப்பு வாளியிலிருந்து எழுந்து விரிசலுக்குப் போட்ட ஒட்டைத் தொட்டுப் பார்த்தான். இறுகத் தொடங்கியிருந்தது. ஒண்ணேகால் சரியாகத்தான் இருந்தது. அவனுக்கு ஏதாவது ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும்போல இருந்தது. எத்தனையோ வருஷமாகக் கேட்காமலே வேடிக்கை வந்து நிற்கிற வாய், இப்போது ஏழு டேப்பும் சேர்ந்து அடைத்ததுபோல இறுகிக்கிடந்தது.

மறுநாள் காலை வெல்டர் இரும்புத் தகடுகளோடு வந்தார். கூடவே ஒரு புது டேப். "இதை ரெசின்ல போட்டா உன்னையும் சேர்த்துப் போட்டுடுவேன்" என்று சொல்லி அதை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"கீல்" என்றான் டேப்பு. ஒரு வார்த்தைதான். வெல்டர் தகடுகளைக் கீழே இறக்கிவைத்தார்.

கீல் இரண்டும் நேராக அமர வேண்டும். அதற்கு நுனியிலிருந்து இரண்டு சக்கர வளைவுக்கும் தூரம் தெரிய வேண்டும். வெல்டர் இடது பக்கம் புது டேப்பைப் பிடித்தார். வலது பக்கம் பிடித்தார். தலையைச் சொறிந்தார்.

"இந்தப் பக்கம் வெட்டினீங்களே, முன் ஓரத்தையும் சேர்த்து வெட்டினீங்களா? எதை நம்பி அளக்கறது?"

"முன் ஓரத்தைத் தொடல அண்ணே" என்றாள் அவள். "அது என் சாண்ல சரியா மூணு. இரு, காட்டறேன்."

டேப்பு அவளை நாற்காலியோடு இழுத்து மூக்குப் பக்கம் கொண்டுவந்தான். வலது கையைத் தன் கையில் ஏந்தி மூக்கின் நுனியில் வைத்தான். கட்டைவிரல் நுனியில், மற்ற விரல்கள் கன்னத்தின் மேல். அவள் விரிக்கப் பார்த்தாள். புறங்கையில் எலும்புகளுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இருந்த இடத்தில் ஏதோ துடித்தது. சுண்டுவிரல் கொஞ்சம் போய் நின்றுவிட்டது.

"ஒண்ணு" என்றாள். அவன் கையைத் தூக்கி, சுண்டுவிரல் நின்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தான்.

"ரெண்டு."

மறுபடி நகர்த்தினான். மூன்றாவது சாணை அவள் எண்ணவில்லை. சுண்டுவிரலுக்கும் வளைவின் ஓரத்துக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலம் வெறும் பச்சை மீதமிருந்தது.

வெல்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். பீடி பற்றவைக்கப் போவதாகச் சொன்னார். அவர் பீடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.

டேப்பு அந்த மீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவர் எத்தனையோ சொல்லியிருந்தார், காகிதத்தில் புள்ளி வைத்துக் காட்டியிருந்தார், அவன் அதில் ஒன்றையும் உள்ளே விடவில்லை. இப்போது அவனே ஊற்றி இறுகவைத்த ஃபைபர், பதினொரு வருஷத்துக்கு முந்தைய கையை ஒரு பொட்டு மாறாமல் அப்படியே வைத்திருந்தது. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. போன அளவு இவ்வளவு என்று அந்த மீதம் காட்டியது. டேப் தேவைப்படவில்லை.

"என் சாண் பொய் சொல்லுது" என்றாள் அவள்.

"இல்ல" என்றான் அவன். "வளைவு இருக்குற இடம்தான் சரி. அங்கதான் உன் மூணு சாண். அண்ணன் அங்கேருந்து அளக்கட்டும்."

அவள் கையை அவன் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அது கன்னத்தின் மேலேயே இருந்தது.

வலது கீலை இடதைவிட மூன்று விரல் உள்தள்ளி வைத்து, கோணலைக் கோணலாகவே பிணைத்தார் வெல்டர். போல்ட் ஓட்டைகளை நீளவாக்கில் அறுத்து, முன்னும் பின்னும் ஒரு நூல் நகர்த்த இடம் விட்டார். மூக்கின் உள்பக்கம் டேப்பு தகடுகளுக்கு மேல் இரண்டு அடுக்குப் பாய் போட்டான். மருந்து எவ்வளவு என்று அவளைக் கேட்டுப் போட்டான். இரண்டு நாள் காயவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் மழை. மதியம் அவன் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து அவளுக்குக் கொடுத்தான். கெட்டியாக எதையும் விழுங்க அவளுக்குப் பயம் வந்திருந்தது. மூன்றாம் நாள் வெல்டர் ஊருக்குக் கிளம்பும் முன் கடைசி போல்ட்டை முடுக்கினார்.

"ஒரு நூல் முன்னால தள்ளணும்" என்றாள் அவள்.

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

தள்ளி முடுக்கினார். டக்கென்று அமர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டேப்பு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெல்டர் கையைத் துடைத்தார். தங்கை தலையில் ஒரு தடவை கைவைத்தார். "வரட்டுமா" என்றார். "போயிட்டு வா அண்ணே" என்றாள். "திரும்பி வர்றப்ப வர்ணம் அடிச்சு வெச்சிருப்பார், பாரு." வெல்டர் வாசலில் செருப்பைத் தேடுவதாக வெகுநேரம் குனிந்திருந்துவிட்டுப் போனார்.

பிறகு கொட்டகையில் அவர்கள் இருவர் மட்டும். டேப்பு மூக்கின் பின்விளிம்பில், நடுவில் நின்று, ஒரு கையை அடியில் கொடுத்தான். இத்தனை வருஷமாக அவன் நடுவில் நின்றதில்லை. இடது பக்கம்தான் அவன் இடம். எங்கே நிற்பது என்றே காலுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு" என்றான். "ரெண்டு."

ம் வரவில்லை.

"ஒண்ணு. ரெண்டு."

"சும்மா தூக்குங்க. ஒரு கை போதுமே. அதுக்குத்தான செஞ்சது."

"கணக்கு இல்லாம எப்படித் தூக்கறது? வழுக்கிடும்."

"நான் சொல்ல மாட்டேன். அன்னைக்குச் சொல்லி உடைச்சது போதும்."

"அன்னைக்கு உங்கண்ணன்தான் உடைச்சார். கணக்குத் தெரியாத ஆள்."

அவள் சிரித்தமாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. காகிதத்தில் அடுத்த புள்ளி நாக்கு என்று அவனுக்குத் தெரியும். மடித்து வைத்தாலும் தெரியும். நேற்று அவள் 'தண்ணி' என்றதை அவன் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. நாக்குப் போனாலும் ம் சொல்லலாம், அதற்கு நாக்கு வேண்டாம், வாயைக்கூடத் திறக்க வேண்டாம் என்று அவன் இரண்டு ராத்திரி படுக்கையில் கணக்குப் போட்டு வைத்திருந்தான். மூச்சு இருந்தால் போதும். அந்தக் கணக்கு அங்கே வந்து நின்றதும் அவன் அதற்கு மேல் போடவில்லை.

"ஒண்ணு" என்றான்.

மழை விட்டிருந்தது. கூரை ஓரத்திலிருந்து சொட்டும் தண்ணீர், அவன் செய்த தொட்டி ஒன்றில் விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு."

காத்திருந்தான். கையில் இருந்த கனம் கனமே இல்லை. விரலால் நெம்பினாலே எழுந்துவிடும். வெல்டர் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார். அவன் அதை எழவிடாமல், கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். தொட்டியில் சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. எத்தனை என்று எண்ண அவனுக்கு விருப்பமில்லை.

"ம்" என்றாள்.